சைக்கிள் டயரின் பக்கம் கிழிந்தால்

ஆணி குத்தினால் அது பஞ்சர். டியூபை வெளியே எடுத்து, ஒட்டுப் போட்டு, காற்றடித்தால் வேலை முடிந்தது. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் கதை வேறு. அங்கே காற்று மட்டும் போகவில்லை, காற்றை இழுத்துப் பிடித்திருந்த நூலும் அறுந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் டியூபுக்கு மட்டும் ஒட்டுப் போட்டு மாட்டினால், டியூப் கிழிசல் வழியே கொழுக்கட்டை போலப் பிதுங்கி, சற்று நேரத்தில் வெடிக்கும். சமதரையில் அது வெறும் தொந்தரவு. இலங்கை மலையகத்தில், நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது முன்சில்லில் அப்படி நடந்தால் ஆளுக்கே ஆபத்து.

டயரின் உடம்பு நைலோன் நூலால் ஆனது. ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும் அடுக்குகள், இரண்டு ஓரங்களிலும் உள்ள கம்பியைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கும். அதன்மேல்தான் ரப்பர். தரையில் படும் நடுப்பகுதியில் ரப்பர் தடிப்பாகவும், பல டயர்களில் நூல் அடுக்கு ஒன்று கூடுதலாகவும் இருக்கும். பக்கச்சுவரில் ரப்பர் மெல்லிய தோல் மாதிரிதான். அது மெலிந்திருந்தால்தான் டயர் மடங்கி நிமிர்ந்து ஓடும். ஆகவே பக்கச்சுவரின் பலம் முழுவதும் நூலில் இருக்கிறது. ரப்பரின் வேலை நூலை வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் மூடி வைப்பது.

அந்த நூல் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மில்லிமீற்றர் அகல டயரில் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) காற்று இருந்தால், பக்கச்சுவரின் ஒவ்வொரு மில்லிமீற்றர் நீளத்திலும் சுமார் 7 நியூட்டன் இழுவை இருக்கும். 10 மில்லிமீற்றர் வெட்டு விழுந்தால், ஏறத்தாழ 7 கிலோ பாரத்தைப் பிடித்திருந்த நூல் இல்லாமல் போய்விட்டது என்று பொருள். அந்தப் பாரத்தை இனி வேறெதாவது தாங்க வேண்டும். டியூப் ஒட்டு அதைத் தாங்காது, ஏனென்றால் ஒட்டும் ரப்பர்தான், இழுத்தால் நீளும். இழுத்தால் நீளாத ஒன்றை உள்ளே வைப்பதுதான் இந்தப் பழுதுபார்த்தலின் சூட்சுமம்.

எது தேறும், எது தேறாது

டயரைக் கழற்றுவதற்கு முன், டயரில் எழுதியிருக்கும் பெயர் வால்வுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். டியூபில் ஓட்டையைக் கண்டதும் டயரில் எந்த இடம் என்று இந்தக் கோடு சொல்லிவிடும். வெளிச்சம் உள்ள இடத்தில் டயரை உட்புறமாகப் புரட்டி, விரலால் பிதுக்கிப் பாருங்கள். வெளியே சிறு கீறலாகத் தெரிவது உள்ளே நான்கைந்து நூல் அறுந்த வெட்டாக இருக்கலாம். மறுபுறம், வெளியே பயங்கரமாக உரிந்திருப்பது உள்ளே ஒரு நூல்கூடப் போகாமல் இருக்கலாம். தீர்ப்பு உட்புறத்தைப் பார்த்துத்தான்.

ரப்பர் மட்டும் உரிந்து, நூல் தெரிந்தாலும் அறாமல் இருந்தால், உள்ளே எதுவும் வைக்கத் தேவையில்லை. வெளியே மூடினால் போதும். நூல் அறுந்த வெட்டு 3 மில்லிமீற்றருக்குள் இருந்தால் உட்புறத்தில் சிறிய துண்டு போதும். 3 முதல் 10 மில்லிமீற்றர் வரை ஒழுங்கான உள்துண்டு ஒட்ட வேண்டும். 10 முதல் 15 வரை தைத்து, அதன்மேல் உள்துண்டு வைத்து ஓட்டலாம். அதற்கு மேல் போனால் டயரைக் கழித்துவிடுங்கள். 

அளவு எதுவானாலும் கழிக்க வேண்டிய டயர்களும் உண்டு. ஓரத்துக் கம்பி அறுந்தது அல்லது வெளியே எட்டிப் பார்ப்பது. கம்பியிலிருந்து 6 மில்லிமீற்றருக்குள் வெட்டு விழுந்தது; அங்கே துண்டு பிடித்துக்கொள்ள இடமில்லை. பிரேக் கட்டை உராய்ந்து, விரல் நீளத்துக்கு மேல் நூல் வரிசையாகத் தேய்ந்து பஞ்சு போல நிற்பது. காற்றடித்தால் வெட்டே இல்லாத இடத்தில் புடைப்பது; அங்கே நூல் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. புடைத்த டயருக்கு மருந்து கிடையாது.

உள்துண்டுக்கு எது நல்லது

பழைய டயரிலிருந்து வெட்டியெடுத்த பக்கச்சுவர்த் துண்டுதான் முதல் தரம். இழுத்தால் நீளாது, வளைவும் ஏற்கெனவே பொருந்தியிருக்கும், டியூப் ஒட்டும் சொலூஷனும் நன்றாகப் பிடிக்கும். மெல்லிய ரேஸ் சைக்கிள் டயர் கிடைத்தால் இன்னும் நல்லது. தடித்த டயரின் நடுப்பகுதியை வெட்டி வைக்காதீர்கள். உள்ளே மேடு கட்டி, சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் துள்ளும். அந்த மேட்டின் ஓரம் டியூபையும் தின்னும்.

பலரும் கையில் எடுப்பது மோட்டார் சைக்கிள் டியூப் துண்டு. அது நீளும், அதனால் வேலைக்கு ஆகாது. உரச் சாக்கின் நெய்த துணி பலமானதுதான், ஆனால் பொலிபுரொப்பிலீனில் சொலூஷன் பிடிக்காது. நான்காக மடித்து வீடு வரை வரலாம், நிரந்தரமாக வைக்க முடியாது. பருத்திக் கன்வஸ் முதலில் நன்றாகத் தாங்கும். ஆனால் ஈரம் பட்டுப் பட்டு இற்றுவிடும், மலையில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? பிளாஸ்டிக் போத்தலை வெட்டி வைப்போரும் உண்டு. அதன் ஓரம் கத்தி மாதிரி. ஒரு வெட்டை அடைக்கப் போய் டியூபில் இரண்டு வெட்டு வாங்குவது அப்படித்தான். பழைய வாகன சீட் பெல்ட் நாடா உறுதியானது. தடிப்புச் சற்று அதிகம், ஆனாலும் பெரிய டயருக்குச் சரிவரும். நாடாவின் வெட்டிய முனையைச் சூடுகாட்டி உருக்கினால் நூல் பிரியாது. உருகிய முனை கட்டி தட்டி நிற்காமல் சூடாக இருக்கும்போதே தட்டையாக அழுத்திவிடுங்கள்.

துண்டு வெட்டின் எல்லாப் பக்கமும் குறைந்தது 15 மில்லிமீற்றர் தாண்டி நிற்க வேண்டும். 5 மில்லிமீற்றர் வெட்டுக்கு 35க்கு 35 அளவுத் துண்டு. வெட்டு 6 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஒரு பக்கத்துக் கம்பியருகிலிருந்து டயரின் நடுவைத் தாண்டி மறுபக்கத்துக் கம்பியருகு வரை போகும் நீளமான பட்டியாக வெட்டுங்கள். இரண்டு முனையும் கம்பிக்கு 3, 4 மில்லிமீற்றர் முன்னால் நிற்கட்டும், இல்லையென்றால் டயர் ரிம்மில் சரியாக உட்காராது. மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். நான்கு ஓரத்தையும் உப்புக்கடதாசியில் தேய்த்து, கடதாசி போல மெலியச் செய்யுங்கள். மெலியாத ஓரம் டியூபில் ஒரு கோடு கீறி, மாதக்கணக்கில் அதே கோட்டைத் தேய்த்து ஓட்டையாக்கும். இதற்கு ஐந்து நிமிடம் செலவழியுங்கள், வீணாகாது.

ஒட்டும் முறை

தேவையானவை: 80 அல்லது 100 இலக்க உப்புக்கடதாசி, டியூப் ஒட்டும் சொலூஷன், சப்பாத்துத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசை கொஞ்சம், சுத்தமான துணி, கொஞ்சம் பெற்றோல் அல்லது ஸ்பிரிட், முகப்பவுடர். மண்ணெண்ணெயால் துடைக்காதீர்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும், ரப்பரையும் ஊத வைக்கும்.

முதலில் வெட்டுக்குள் சிக்கியிருக்கும் மண், கல், கண்ணாடித் தூளை ஊசியால் தோண்டி எடுங்கள். டயர் நனைந்திருந்தால் அன்றைக்கு ஒட்டாதீர்கள். நூலுக்குள் புகுந்த ஈரம் வெளியே தெரியாது. ஓர் இரவு அடுப்படிக்குத் தூரமாக, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் உலர்ந்துவிடும். உலர்ந்த பிறகு உட்புறத்தைத் துண்டின் அளவைவிட ஒரு விரல் அதிகமாக உப்புக்கடதாசியால் தேயுங்கள். ரப்பர் மினுமினுப்பு இழந்து சாம்பல் பூத்தாற்போல் ஆனால் போதும். நூல் தெரியும்வரை தேய்த்தால் பழுதைக் கூட்டுகிறீர்கள். துண்டின் ஒட்டும் பக்கத்தையும் இதேபோலத் தேய்த்து, இரண்டையும் பெற்றோல் தொட்ட துணியால் துடைத்து ஆறவிடுங்கள்.

சொலூஷனை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சு. தடிப்பாகப் பூசினால் நன்றாக ஒட்டும் என்பது தவறு. மேல்பகுதி காய்ந்து உள்பகுதி ஈரமாகவே இருக்கும், பிறகு துண்டு வழுக்கி நகரும். கொழும்பில் ஐந்து நிமிடத்தில் காயும் சொலூஷனுக்கு நுவரெலியாவிலோ அப்புத்தளையிலோ பனிமூட்டம் உள்ள நாளில் இரண்டு மூன்று மடங்கு நேரம் கொடுங்கள். சொலூஷன் ஆவியாகும்போது அந்த இடம் இன்னும் குளிரும், குளிர்ந்த இடத்தில் பனி படியும், படிந்த ஈரத்தின்மேல் ஒட்டினால் ஒட்டு உரிந்து வரும். மலையில் போடும் ஒட்டுக்கள் கழன்றுபோவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம், குற்றம் மட்டும் சொலூஷன் டியூபின் தலையில் விழுகிறது. விரல் மடிப்பால் தொட்டால் ஒட்டாமல் சற்றே இழுக்க வேண்டும், அதுதான் பதம். அவசரப்பட்டு அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள், சொலூஷனின் ஆவி தீப்பிடிக்கும். டயரை முதலில் வெயிலில் சற்று நேரம் வைத்து, இளஞ்சூடான பிறகு உள்ளே கொண்டுவந்து பூசுவது பாதுகாப்பான வழி.

வெட்டின் இரு உதடுகளையும் விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு துண்டை வையுங்கள். இந்த ஒரு நொடியில்தான் பலர் தவறுகிறார்கள். டயரைத் தட்டையாக விரித்து வைத்து ஒட்டினால், டயர் மீண்டும் வளையும்போது துண்டு சுருங்கி நடுவில் தூக்கும். டயர் ரிம்மில் இருக்கும் அதே வளைவில் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்தி ஒட்ட வேண்டும். பிறகு கரண்டியின் முதுகாலோ போத்தல் அடியாலோ நன்றாகத் தேய்த்து, ஓரத்தில் மிஞ்சிய பசைமேல் முகப்பவுடர் தூவுங்கள். பவுடர் போடாவிட்டால் டியூப் அங்கே ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது கிழியும்.

ஒட்டிய துண்டு பாரத்தைத் தாங்குவது பசையின் பலத்தால் அல்ல. டியூபுக்குள் இருக்கும் காற்று துண்டை டயரோடு அழுத்திப் பிடிக்கிறது; அந்த உராய்வே வேலையைச் செய்கிறது. பசை, துண்டு இடம் மாறாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே டயரில் காற்று இறங்கவிட்டு ஓட்டினால் எவ்வளவு நன்றாக ஒட்டிய துண்டும் மெல்ல மெல்ல ஊர்ந்து விலகும்.

வெளிப்புறத்தை மறக்க வேண்டாம். வெட்டு திறந்தே இருந்தால் ஈரமும் மணலும் போய், உள்ளே அரைக்கும். வெட்டைத் திறந்து சப்பாத்துப் பசையைக் குச்சியால் உள்ளே செலுத்தி, பத்து நிமிடம் கழித்து நெருக்கி மூடி, மேலே மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி இரவு முழுவதும் விடுங்கள். நூல் அறாமல் ரப்பர் மட்டும் உரிந்த இடத்துக்கும் இதே பூச்சுத்தான்.

தைக்க வேண்டி வந்தால்

10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வெட்டில் உதடுகள் விரிந்துகொண்டே இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கத்தான் தையல். பாரத்தைத் தாங்குவது அப்போதும் உள்துண்டே. மெழுகு பூசிய நைலோன் நூல், சப்பாத்துத் தைப்பவரிடம் கிடைக்கும் 0.8 மில்லிமீற்றர் தடிப்பு போதும். மீன்பிடி நைலோன் வேண்டாம், அது டயரின் நூலையே அறுக்கும். சாதாரண ஊசியை நெருப்பில் காட்டி வளைத்துக்கொள்ளலாம்.

ஊசியை வெட்டின் ஓரத்திலிருந்து ஒரு முறை 3, அடுத்த முறை 5 மில்லிமீற்றர் என மாற்றி மாற்றிக் குத்துங்கள். எல்லாத் துளையும் ஒரே கோட்டில் விழுந்தால் தபால் முத்திரையின் ஓரத்துத் துளைகள் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். தையலுக்குத் தையல் 4 மில்லிமீற்றர். உதடுகள் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு இழுத்தால் போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவுக்கு இறுக்கினால் டயர் அந்த இடத்தில் இடுப்பு ஒடுங்கி, சில்லு ஆடும். முடிச்சு வெளிப்பக்கம் வரட்டும். உள்ளே வந்தால் துண்டைத் தாண்டி டியூபைக் குடையும். வெளியே வந்த முடிச்சையும் தையலையும் சப்பாத்துப் பசையால் மூடிவிட்டு, பிரேக் கட்டை அங்கே தொடாது என்பதை உறுதிப்படுத்துங்கள்.

மாட்டிச் சோதித்தல்

ஸ்குரூ ட்ரைவரால் டயரை ஏற்றாதீர்கள், கம்பியோரத்து நூலை அது கிழிக்கும். சவர்க்காரத் தண்ணீர் தடவி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, கையாலேயே ஏற்றி வால்வில் முடிக்கலாம். டியூபில் சிறிது காற்று இருந்தால் அது மடிந்து கம்பிக்கடியில் சிக்காது.

காற்றை ஒரே மூச்சில் அடிக்க வேண்டாம். 10 பிஎஸ்ஐ அடித்து, சில்லைச் சுற்றி, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா பாருங்கள். 20இல் ஒட்டிய இடத்தைத் தடவுங்கள். 30இல் மீண்டும் பாருங்கள். அங்கே புடைப்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் துண்டு சிறியது அல்லது வளைவில் ஒட்டப்படவில்லை. கழற்றி மறுபடி செய்ய வேண்டும். ஓட்டும் அளவுக்கு அடித்து ஓர் இரவு விட்டு, காலையில் பார்த்த பிறகே வீதியில் இறக்குங்கள். விடிகாலையில் அளவு குறைந்து காட்டினால் உடனே ஒட்டைச் சந்தேகிக்க வேண்டாம். பிற்பகல் 22 பாகைச் சூட்டில் 40 அடித்த டயர், 5 பாகைக் குளிரில் 37 காட்டும்.

உள்துண்டு வைத்த டயர் எப்போதும் பின்சில்லுக்கு. பின்னால் பாரம் கூடுதல்தான், ஆனாலும் பின்டயர் போனால் சைக்கிள் ஆடி ஆடி நிற்கும். முன்டயர் போனால் ஹாண்டில் கையில் இல்லை. முன்டயர் கிழிந்திருந்தால் பழுதுபார்த்ததைப் பின்னாலும், பின்னால் இருந்த நல்லதை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். பழுதுபார்த்த டயரை, அதில் அச்சிட்ட எல்லைக் காற்றளவிலிருந்து 5, 10 பிஎஸ்ஐ குறைத்து ஓட்டுங்கள், மிகவும் குறைத்துவிடவும் வேண்டாம்.

டியூப்லெஸ் டயர் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் விழுந்த ஓட்டைக்குக் குத்தும் ரப்பர்ப் பட்டி பக்கச்சுவரில் நிற்காது, மெல்லிய சுவர் அதைக் கவ்வாது. டியூப் போட்டு, இதே உள்துண்டுடன் ஓட்டுங்கள்.

வழியில் கிழிந்தால்

பையில் 50க்கு 70 மில்லிமீற்றர் அளவில் ஓரம் தேய்த்த டயர்த் துண்டு ஒன்று இருந்தால் பாதிக் கவலை போய்விடும். இல்லையென்றால் வழியில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கலாம்: காலியான பற்பசைக் கூட்டை வெட்டி விரித்து, கழுவி, இரண்டாக மடித்தது; பால் அடைத்த கடதாசிப் பெட்டியின் துண்டு. பசை தேவையில்லை, டியூபுக்கும் டயருக்கும் இடையில் செருகி, 25 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்றடியுங்கள். ஏற்றத்திலும் சமதரையிலும் மெதுவாக ஓட்டலாம். இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு ஒருமுறை நிறுத்தி விரலால் தடவிப் பாருங்கள்.

ஏன் கிழிகிறது

கல்லும் கண்ணாடியும்தான் எதிரி என்று நினைப்போம். பல டயர்களைக் கொல்வது சைக்கிளே.

முதல் குற்றவாளி பிரேக் கட்டை. மேலே தொங்கும் காலிபர் பிரேக் பலவற்றில் கட்டை தேயத் தேய அது மேலேறி டயரைத் தொடலாம். கவட்டையின் இருபுறமும் நிற்கும் வி-பிரேக்கில் நிலைமை தலைகீழ். தேயும்போது கட்டை கீழிறங்கும். ஆகவே வி-பிரேக்கில் ஆபத்தான நேரம் தேய்ந்த கட்டையைக் கழற்றிப் புதுக் கட்டை போடும் நாள்: பழைய உயரத்திலேயே முடுக்கினால் தடித்த புதுக் கட்டை ரிம்மில் மேலே படும், டயரையும் தொடும். எந்தப் பிரேக் ஆனாலும் பிரேக்கைப் பிடித்த நிலையில் கட்டையின் மேல்விளிம்பு ரிம்மின் விளிம்புக்கு 1 முதல் 2 மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளை போகும் ஏ5 வீதியில் ஒரே இறக்கத்தில் ஆயிரக்கணக்கான சில்லுச் சுற்றுகள் பிரேக் பிடித்தபடி ஓட வேண்டிவரும். தட்டையான ஊரில் ஒரு வருடத்தில் தேயும் டயர் இங்கே ஒரு நாளில் தேய்ந்துவிடும். பிரேக்கைக் கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பி இழுக்கும் பழைய பெரிய சைக்கிள்களில் கட்டை ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் டயரைத் தின்பது டைனமோ. அதன் உருளையின் அச்சு, சில்லின் மையத்தை நேராகப் பார்த்து நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் பக்கச்சுவரை அரம் போல ராவும்.

இரண்டாவது, சில்லு இடம் மாறுதல். செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பின் அச்சின் வலப்பக்கத்தை முன்னால் இழுக்கும். நட் தளர்ந்திருந்தால் சில்லு கோணி, டயர் இடப்பக்கச் சட்டத்தில் உராயும். சட்டத்தில் பெயின்ட் உரிந்து மினுங்கும் கோடு இருந்தால் டயரின் இடப்பக்கத்தை உடனே பாருங்கள். கோணல் சில்லு, தளர்ந்த மட்கார்ட் கம்பி, கெரியரில் கட்டிய விறகும் மரக்கறி மூட்டையும், அவிழ்ந்து தொங்கும் கயிற்று நுனி, எல்லாம் இதே வேலையைச் செய்யும். சாக்கின் ஓரத்தை உள்ளே மடித்துக் கட்டினால் ஒரு டயரின் ஆயுள் கூடும்.

மூன்றாவது, காற்றுக் குறைவு. குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஆழமாக மடிந்து நிமிரும், நூல் களைத்து ஒவ்வொன்றாக அறும். வெளியே ரப்பரில் குறுக்கு வெடிப்புகளாகத் தெரிவது அதன் அறிகுறி. பிதுங்கி நிற்கும் பக்கச்சுவர் கல்லில் படும் வாய்ப்பும் அதிகம். ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அளவு அமுங்க வேண்டும். 50 மில்லிமீற்றர் டயருக்கு 7 அல்லது 8 மில்லிமீற்றர். அளவுமானி இல்லாதவர் இதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். 26 அங்குல, 1.95 அகல டயரில் 70 கிலோ ஆளுக்கு முன்னால் 35, பின்னால் 40 முதல் 45 பிஎஸ்ஐ பொருந்தும். மூட்டை ஏற்றினால் பின்னால் இன்னும் 5 கூட்டுங்கள், டயரில் அச்சிட்ட எல்லையைத் தாண்டாமல். மலை ஏறினால் காற்றைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் கணக்கு உண்டு. கடல்மட்டத்தில் 40 அடித்து 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு வந்தால், வெளிக்காற்று மெலிவதால் அளவு சுமார் 3 பிஎஸ்ஐ கூடும். வெப்பம் 30 பாகையிலிருந்து 15க்கு இறங்குவதால் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். இரண்டும் ஈடாகிவிடும், தொடவே வேண்டாம்.

இவற்றுக்குப் பிறகுதான் வீதி. மழை கழுவிக் கொண்டுவந்த கூரிய கல் வளைவுகளின் உட்புறத்தில் குவிந்திருக்கும். நனைந்த ரப்பர் உலர்ந்த ரப்பரைவிட எளிதாக வெட்டுப்படும், தண்ணீர் கத்திக்கு எண்ணெய் போட்ட மாதிரி. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருட இறுதியிலும் தை மாதத்தை ஒட்டியும் கூடுதல் கவனம் வேண்டும். தார் வீதியின் உடைந்த விளிம்பில் பஸ்ஸுக்கு ஒதுங்கி இறங்கிவிட்டு, மீண்டும் ஏறும்போது சாய்வாக ஏறினால் விளிம்பு பக்கச்சுவரைச் சீவிவிடும். வேகத்தைக் குறைத்து, முன்சில்லைத் திருப்பி, விளிம்புக்கு நேராக ஏறுங்கள்.

தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில், கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கத்தரித்த) மலையைக் கடக்கும்போது இறங்கி நடப்பது மேல். கவ்வாத்துக் கத்தி சாய்வாகச் சீவிய குச்சி ஈட்டிதான். நடுப்பகுதி தாங்கும், பக்கச்சுவரில் சொருகினால் மறுபக்கம் வரும்.

நீண்ட இறக்கத்தில் ரிம் சூடாகும். உள்ளே காற்றழுத்தம் கூடும், ஒட்டிய பசை இளகும். உள்துண்டு உள்ள டயருடன் இறங்குபவர் இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்து, ரிம்மில் விரல் வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும். இறங்கி முடிந்ததும் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். ஈர மணலும் ரிம்மிலிருந்து பிய்ந்த அலுமினியத் துணுக்குகளும் அதில் பதிந்திருக்கும். ஊசியால் கிண்டி எடுக்காவிட்டால் ரிம்மின் சுவர் மெலியும். மெலிந்த ரிம் வெளியே வளைந்து டயரைக் கக்கும்போது, எல்லோரும் டயரைத்தான் திட்டுவார்கள். ரிம்மின் பக்கத்தில் விரலை ஓட்டினால் குழிவாகத் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரை இரண்டு விரலால் கிள்ளி மடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அது கடை வாசலில் வெயிலில் வெகுநாள் தொங்கியது. பழுப்பு நிறப் பக்கச்சுவர் அழகுதான், ஆனால் அதில் கரி சேராததால் வெயிலுக்குக் கறுப்பைவிடச் சீக்கிரம் வெடிக்கும். மூட்டை ஏற்றுபவர் கறுப்பையே வாங்கட்டும். கழித்த பழைய டயரை எறியாமல், வெடிப்பில்லாத பக்கச்சுவரிலிருந்து நான்கைந்து துண்டுகளை வெட்டி, ஓரம் தேய்த்து, பவுடர் தூவி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு சீட்டுக்கடியில் கட்டிவையுங்கள்.